தொடையில் போட்ட ஊசி விரதத்தை முறிக்குமா?

"என்ன போடறே?"

எங்கள் ஜிம்மில் ஒரு பெண் தன் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் கிடைக்கும் பாராட்டு இதுதான். கைத்தட்டல் கிடையாது. கண்ணைச் சுருக்கி, குரலைத் தாழ்த்தி, நகைக்கடையில் சேதாரம் விசாரிப்பதுபோல் இந்த ஒரு கேள்வி.

"சோறு போடறேன். ரெண்டு தட்டு" என்பேன்.

"சும்மா சொல்லாத லா. சொல்ல இஷ்டம் இல்லன்னா விடு."

நான் எதுவும் போடுவதில்லை. இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது, திமிரோடுதான் வரும். ஊக்கமருந்து எடுத்தவனை ஊர் நம்பிவிடுகிறது. எடுக்காதவள் சொல்வதை நம்ப ஆளில்லை. அந்தக் கோபம் போட்டியில் தோற்கும் கோபத்தைவிடப் பெரியது.

ஜிம் மலேசியாவின் கிள்ளான் நகரில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நாங்கள் பாரத்தைப் 'பொத்'தென்று போட்டால் கீழே டயர் கடை அங்கிள் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டுவார். வருபவர்களில் பாதிப் பேர் தெலுக் பங்லிமா காராங் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், மீதிப் பேர் லோரி ஓட்டுகிறவர்கள். பளுதூக்கும் பெண்கள் இரண்டே பேர், நானும் அக்காவும். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், போர்ட் கிள்ளானில் சரக்குக் கப்பல் வேலைகளைப் பார்க்கும் அலுவலகத்தில் தொலைபேசியில் பேசுவது அவள் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே எடைப் பிரிவு. அவள் முதலிடம், நான் இரண்டாமிடம். வருடா வருடம் இதே கதைதான்.

ஜிம்மில் 'ஊக்கமருந்து' என்ற வார்த்தையை யாரும் உச்சரிப்பதில்லை. ஊசி என்றால் 'சாமான்', மாத்திரை என்றால் 'வைட்டமின்'. கொஞ்சம் படித்தவர்கள் 'சப்போர்ட்' என்பார்கள். ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் இருக்கும்: "எல்லாரும்தான் எடுக்கிறாங்க."

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் உளவியல் படிக்கிறேன். விளையாட்டு வீரர்கள் ஏன் ஊக்கமருந்தை நாடுகிறார்கள் என்று ஒரு நாள் விரிவுரையாளர் வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டார். வெற்றி மோகம், புகழ், பணம், பயிற்சியாளரின் நெருக்குதல். நானும் எழுதிக்கொண்டேன், பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். வீட்டுக்குத் திரும்பும்போது கொம்யூட்டர் ரயிலில் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஜிம்மில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் எந்தப் போட்டி மேடையிலும் ஏறியதில்லை, ஏறப்போவதுமில்லை. அவருக்கு என்ன புகழ், என்ன பணம்? சட்டைக் கை கொஞ்சம் தொளதொளத்தால் அவரால் மாமாக் டீக்கடையில் நண்பர்களோடு போய் உட்கார முடியாது, அவ்வளவுதான். பலகையில் எழுதியதெல்லாம் ஆசை. நான் ஜிம்மில் பார்த்ததெல்லாம் பயம்.

'எல்லாரும் எடுக்கிறார்கள்' என்பதும் பயந்த பேச்சுதான். யாரும் கணக்கெடுத்துப் பார்த்துச் சொல்வதில்லை. ஒரே போர்வைக்குள் பத்துப் பேர் படுத்திருக்கும்போது, ஒருத்தி மட்டும் வெளியே நின்றால் போர்வை ஒரு பக்கம் இழுபடும், உள்ளே குளிர் புகும். 'என்ன போடறே' என்று என்னைக் கேட்டதற்கு அர்த்தம் அதுதான். ஆமாம் என்று சொல்லித் தொலை, நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

எனக்கும் சபலம் வராமல் இல்லை. அது பலத்துக்காக வந்த சபலம் இல்லை. நான் படியேறி வரும்போது அவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள் இல்லையா, அப்போதுதான் வரும். நானும் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டால் அந்தப் பேச்சு எனக்கும் சேர்த்துத் தொடருமே என்று.

அக்கா எடுக்கிறாள் என்பது எனக்குத் தெரியும், அவளே சொன்னாள். தொடை நரம்பு இழுத்துக்கொண்டு ஒரு வருடம் படுத்துவிட்டாள். எழுந்து வந்தபோது கோச் ஒரு வைட்டமின் சி பாட்டிலைக் கையில் கொடுத்தார். உள்ளே சின்ன வெள்ளை மாத்திரைகள். கோச் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். அக்கா படுத்திருந்தபோது ஜிம்மிலிருந்து வீடு வரை போய்ப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

மாத்திரையால் பலம் வந்தது, கூடவே குரலும் தடித்தது. அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் இருப்பவர்கள் 'எஞ்சிக்' என்கிறார்களாம். மலாய்க்காரர் ஆண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

"மொதல்ல திருத்துவேன், புவான்னு சொல்லுங்கன்னு. அப்புறம் விட்டுட்டேன். எஞ்சிக்னா எஞ்சிக். கன்டெய்னர் வந்து சேர்ந்தா சரி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்தாள் என்பது உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். எவ்வளவு நீளமான செய்தியானாலும் தட்டச்சுதான்.

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் ஜிம்மின் வாசனையே மாறிவிடும். குளிர்பெட்டியில் அவித்த முட்டைகள் காணாமல் போகும், கோழி நெஞ்சுக்கறி டப்பாக்களில் டோஃபு உட்கார்ந்திருக்கும். காவடி எடுப்பவர்கள் செருப்புப் போடாமல் வந்து, இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வெறுங்காலோடு நடப்பார்கள். "கால்ல விழுந்தா முருகன் வந்து கட்டுப் போட மாட்டாரு, ஷூவ போடுங்கடா" என்று கோச் கத்துவார்.

அப்படி ஒரு மாலையில்தான் அந்த விவாதம் நடந்தது. புரதப் பொடியில் ஆரம்பித்தது.

"பொடி மாட்டுப் பால்தானே? பால்குடத்துலயே பால்தான் ஊத்தறாங்க. அப்ப ஓகே" என்றார் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன். அவர் வருடா வருடம் காவடி எடுப்பவர்.

"முட்டை?" என்றான் லோரி ஓட்டும் பையன்களில் மிகவும் வாய் நீண்டவன்.

"முட்டை தா போலே. கூடவே கூடாது."

"அப்ப ஊசி?"

ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் நீதிபதி மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வாயில போனாதான் விரதம் முறியும். தொடையில போனா எப்படி முறியும்? ஆஸ்பத்திரியில ட்ரிப் ஏத்தினா விரதம் போச்சுன்னு யாராச்சும் சொல்றாங்களா?"

"அது நோய்க்குண்ணே."

"இதுவும் நோய்க்குத்தான். உன் கையப் பாரு, முருங்கக்கா மாதிரி."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் சுண்ணப்பொடியைத் தேய்த்துக்கொண்டே, "நான் இன்னையோட நிறுத்தறேன். பால்குடம் தூக்கற உடம்பு சுத்தமா இருக்கணும்" என்றாள்.

உடனே எல்லோரும் தலையாட்டினார்கள். ஃபோர்க்லிஃப்ட் அண்ணன்கூடத் தலையாட்டினார். எதிர்த்து ஒரு குரல் இல்லை, கிண்டல் இல்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அப்ப மத்த நாள் எல்லாம்?" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டாங்க மிஸ் சைக்காலஜி" என்றான் லோரிக்காரன்.

"சாமி வேற, போட்டி வேற தங்கச்சி" என்றார் அண்ணன்.

"சாமிய ஏமாத்த முடியாது, மத்தவங்கள ஏமாத்தலாம். அதானே?"

"ஏய்" என்றாள் அக்கா. "வாய மூடிட்டுத் தூக்கு."

வாயை மூடிக்கொண்டு தூக்கினேன். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இவர்களுக்குத் தப்பு என்று தோன்றாததால்தான் செய்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லவே இல்லை. எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று தெரியும் அளவுக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பால்குடத்துக்குக் கட்டும் மஞ்சள் சேலையை மடித்து வைப்பதுபோல் அந்த அறிவையும் மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை வெளியே எடுப்பார்கள், கட்டுவார்கள், துவைத்துத் திரும்ப வைத்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் கோச் ஒரு செய்தியோடு வந்தார். மாநில அணிக்கான தேர்வை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஒரு பிரிவுக்கு ஒருவர்தான். எங்கள் பிரிவில் அந்த ஒரு இடத்துக்கு அக்காவும் நானும்.

கோச் அக்காவைத் தனியே கூப்பிட்டுத்தான் பேசினார். ஆனால் எங்கள் ஜிம்மில் தனி இடம் என்பது பெஞ்சுக்கு அந்தப் பக்கம்தான்.

"பால்குடம் அடுத்த வருஷமும் எடுக்கலாம். இந்தச் சான்ஸ் அடுத்த வருஷம் வராது லா."

"வேண்டிக்கிட்டது கோச்."

"சரி, எடு. விரதமும் இரு. மாத்திரைய மட்டும் நிறுத்தாத. மாத்திரை சைவம்தான்."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி முகத்தில் இருந்தது.

"உனக்கு அதிர்ஷ்டம் மிஸ்" என்று லோரிக்காரன் என் பக்கம் சாய்ந்தான். "முருகனே உன் பக்கம்."

என் காது சிவந்தது. நான் ஜெயித்தால் அது முருகன் போட்ட பிச்சை, தோற்றால் தோற்றதுதான். இதற்கா விடியற்காலையில் எழுந்து, வகுப்புக்கு முன்னால் முதுகு வலிக்க வலிக்கத் தூக்குகிறேன்?

நாள் போகப் போக அக்காவின் பாரம் இறங்கியது. கொஞ்சம்தான். ஆனால் அவள் கண்ணாடி முன்னால் நிற்பது கூடியது. கையைத் திருப்பிப் பார்ப்பாள், தோளைத் தொட்டுப் பார்ப்பாள். "சுருங்கிட்டேன்டி" என்பாள். அப்படி ஒன்றும் சுருங்கவில்லை என்று சொன்னால் காதில் ஏறாது. கண்ணாடியில் அவள் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை அக்கா கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சேலை வாங்க வந்தாள். நான் கல்லூரியிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்துகொண்டேன். மஞ்சள் சேலை கிடைத்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சைவக் கடையில் இலை போட்டு உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் ரசம் ஊற்றிவிட்டுப் போனதும், கைப்பையிலிருந்து வைட்டமின் சி பாட்டிலை எடுத்து ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கோச் புதுசா குடுத்தாரு. இப்ப ஆரம்பிச்சாகூடக் கொஞ்சம் புடிக்கும்னாரு." கையைச் சோற்றில் வைத்தபடி பிசையாமல் இருந்தாள். "சொல்லுடி. நீதான் படிச்சவ. போடட்டுமா?"

நான் மாட்டிக்கொண்டேன். போடு என்று சொல்ல என்னால் முடியாது. போடாதே என்றால், இடத்துக்காகச் சொல்கிறேன் என்றாகும். அப்படி ஆகாது என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"தோத்துருவேன்னு பயமா?" என்று கேட்டேன்.

"தோக்கறது என்னடி, தோத்திருக்கேன்." பாட்டிலை ஒரு விரலால் சுற்றினாள். "நான் தூக்கற கிலோவுல எது என்னோடது, எது இதோடதுன்னு எனக்கே தெரியல. மேடையில ஏறி நின்னு பாதிகூட வரலன்னா? அப்ப இத்தன வருஷமா அங்க நின்னது யாரு?"

விரிவுரையாளரின் வெள்ளைப் பலகையில் இது இல்லை. அதற்குப் பெயர் வைத்திருந்தால்கூட அந்தப் பெயர் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வரக் கூசும்.

"போடாதக்கா."

"என் நல்லதுக்குச் சொல்றேன்னு ஆரம்பிக்காத."

"உன் நல்லதுக்கு இல்ல, எனக்காகத்தான் சொல்றேன். நான் ஜெயிச்சா உன்ன ஜெயிக்கணும், இந்த பாட்டில இல்ல. தோத்தாலும் உன்கிட்ட தோக்கணும். எனக்கு அது வேணும்."

என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், அந்தத் தடித்த குரலில், கடை அதிர. பக்கத்து மேசையில் ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. "என்ன?" என்று அவர்களைக் கேட்டாள். அவர்கள் அவசரமாகத் தங்கள் இலைக்குத் திரும்பினார்கள்.

"திமிரு புடிச்ச கழுத" என்று என்னைத் திட்டிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். பாட்டில் கைப்பைக்குத் திரும்பியது. அவள் தூக்கி எறியவில்லை. நான் கேட்கவுமில்லை.

தேர்வு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும், மல்லாந்து படுத்து மேலே தள்ள வேண்டும், கடைசியாகத் தரையிலிருந்து தூக்க வேண்டும். மூன்றையும் கூட்டி அதிகம் வருபவருக்கு இடம். வெறும் வயிற்றில் மேடை ஏற வேண்டாமென்று அக்கா காலையில் வாழைப்பழமும் பாலும் மட்டும் சாப்பிட்டிருந்தாள். நேருக்கு நேர் என் கண்ணைப் பார்த்து, "போடல" என்றாள். அவ்வளவுதான்.

முதல் இரண்டிலும் நாங்கள் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டே வந்தோம். கடைசித் தூக்கில், அதுவரை ஜிம்மில்கூட எனக்கு வராத ஒரு எடையை நான் தூக்கினேன். மூன்று நடுவர்களும் வெள்ளை விளக்கைப் போட்டார்கள். நான் முன்னால் போய்விட்டேன். இனி அக்காவுக்கு ஒரே ஒரு தூக்கு. அவள் பழைய நாட்களில் தூக்கியதைவிடக் குறைந்த எடைதான், ஆனால் இப்போது அது அவளிடம் இருக்கிறதா இல்லையா என்று மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

குனிந்தாள், பிடித்தாள். பாரம் தரையை விட்டுக் கிளம்பியது. முழங்காலில் வந்து நின்றது. கால்கள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

"ஏறு! ஏறுக்கா! ஏறு!"

கத்தியது நான்தான். அது ஏறினால் என் இடம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன், தொண்டை கிழிய.

ஏறியது. மூன்று வெள்ளை விளக்கு. இடம் அவளுக்கு.

மேடைக்குப் பின்னால் லோரிக்காரன் என்னிடம் வந்தான். கிண்டல் இல்லாமல், உண்மையான பரிவோடு வந்தான். "பழைய சாமான்ல ஏறின சதை அவங்க உடம்புல இன்னும் இருக்கும் லா மிஸ். பாத்தா நீதான் ஜெயிச்சே."

அவன் சொன்னது பொய்யில்லை. மருந்தால் ஏறிய சதை சில வாரத்தில் இறங்கிவிடாது, நானும் படித்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஆறுதலை நான் வாங்கவில்லை. வாங்கினால் அதுவும் அதே போர்வைதான். அவர்கள் 'எல்லாரும் எடுக்கிறாங்க' என்று சொல்லித் தூங்குகிறார்கள். நான் 'அவள் முன்னே எடுத்தாள்' என்று சொல்லித் தூங்குவேன். எனக்கு வேண்டாம். என் கால் இன்னும் பலமாக இருந்திருந்தால் நான் இன்னும் தூக்கியிருப்பேன். தோற்றேன், அவ்வளவுதான்.

அதற்குள் கோச் ஓடி வந்து அக்காவின் தோளைக் குலுக்கினார். கண்ணில் நீர்கூட இருந்தது. "பாத்தியா? மருந்து இல்லாமலே இப்படின்னா, போட்டா எங்கயோ போயிருவே! பூசம் முடியட்டும், அடுத்த நாளே ஆரம்பிப்போம்."

இல்லாமல் ஜெயித்ததே, இனிமேல் எடுப்பதற்குக் காரணமாகிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அக்கா போட்டா நான் புகார் குடுப்பேன் கோச்."

இரும்புத் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றார்கள்.

"எதுக்கு? இடம் உனக்கு வரும்னா?" என்றார் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன். அதுவரை என்னைத் தங்கச்சி என்றவர்.

"வராது. மாற்று ஆளா என் பேரப் போட்டிருப்பீங்க இல்ல, எடுத்துருங்க கோச். இப்பவே போய்ச் சொல்றேன், எனக்கு வேண்டாம்னு. அப்புறமும் புகார் குடுப்பேன்."

"பைத்தியமா உனக்கு?" என்றார் கோச்.

"ஆமா."

அக்கா இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் நடுவர் மேசைக்குப் போய், மாற்று ஆளாக என் பெயர் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள்.

அந்த வாரம் ஜிம்மில் என்னோடு யாரும் பேசவில்லை. பாரத்தைத் தோளில் வைத்து உட்காரும்போது பின்னால் ஒரு ஆள் துணைக்கு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. யாரும் நிற்கவில்லை. சரி போங்கடா என்று தரையிலிருந்து தூக்குவதை மட்டுமே செய்தேன், அதற்குத் துணை வேண்டாம். வேண்டுமென்றே சத்தமாகப் போட்டேன். கீழேயிருந்து டயர் கடை அங்கிள் தட்டினார். அவர் ஒருவர்தான் அந்த வாரம் எனக்குப் பதில் சொன்னவர்.

தைப்பூசத்தன்று பத்துமலைக்கு நானும் வீட்டாரோடு போனேன். மஞ்சள் சேலைக் கூட்டத்தில் அவளைத் தேடவில்லை.

பூசம் முடிந்து முதல் பயிற்சி நாள். அக்கா படியேறி வந்தாள். ஜிம்மே அவளைப் பார்த்தது, பார்க்காத மாதிரி. கோச் பாரத்தில் தட்டுகளை ஏற்ற ஆரம்பித்தார், அவளுடைய பழைய எடைக்கு.

"அது வேணாம் கோச். ட்ரையல் எடையிலேருந்து போவோம்."

"அது கம்மி. உன் நம்பர் அது இல்ல."

"அது மட்டும்தான் என்னோடதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல இருந்தது யாரோடதுன்னு தெரியல. அத நான் எங்கேருந்து தொடங்குவேன்?"

கோச் கையில் தட்டோடு நின்றார். அப்புறம் அதைக் கழற்றி ஓரமாகச் சாத்தினார். கோபமா, வருத்தமா, என்னால் படிக்க முடியவில்லை. பாட்டிலைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாநிலப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் கண்ணாடி முன்னால் அவளுக்கு மறுபடி பயம் வரலாம். எனக்கு அவள் எந்தச் சத்தியமும் செய்து கொடுக்கவில்லை.

தன் முறை முடிந்ததும் நேராக நான் இருந்த மூலைக்கு வந்தாள்.

"ஏய், மிஸ் புகார்."

"என்ன?"

"நெஜமாவே குடுத்துருப்பியா?"

"குடுத்துருப்பேன்."

"என் மேலயா?"

"உன் மேலதான். நான் தோத்தது உன்கிட்டதானே, வேற யார் மேல குடுப்பேன்?"

"நாசமாப் போ" என்றாள். சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் வந்து, கைகளை என் அக்குளுக்குக் கீழே நீட்டித் துணைக்கு நின்றாள். நான் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். லோரிக்காரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வருஷம் அந்த இடத்த உன்கிட்டேருந்து எடுக்கறேன் பாரு" என்றேன்.

"மொதல்ல உக்காந்து எந்திரி."